குட்டைக் கிராங்க்

குரு என்றால் தாடி வேண்டும், மரத்தடி வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு குரு இருந்தார். பெயர் பிலோமினா. வயது இன்னும் நாற்பதைத் தொடவில்லை. பழைய பந்தய சைக்கிள்களை வாங்குவார், பிரித்துப் போடுவார், உயிர் கொடுத்து விற்பார். அவர் கை பட்ட வண்டிக்காக பெங்களூரிலும் கொச்சியிலும் ஆட்கள் வரிசையில் காத்திருந்தார்கள்.

சீடர் கலிவரதனுக்கு வயது ஐம்பத்தாறு. மில்லில் ஃபிட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தவர். "பேத்தி எடுத்த வயசுல எடுபிடி வேலைக்குப் போற ஒரே ஆளு நீங்கதான்" என்று அவர் மனைவி சொல்லாத நாளில்லை. அவர் குருவை "மேஸ்திரி" என்பார். குரு அவரை "அண்ணே" என்பார். வெளியிலிருந்து வருகிறவர்கள் யார் முதலாளி என்று புரியாமல் சுவரைப் பார்த்து விலை கேட்பார்கள்.

மேஸ்திரியின் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சக்கரத்தைச் சுழலவிட்டு, ஸ்போக்கை விரலால் சுண்டிக் காது கொடுப்பார். கோணல் எங்கே என்று காதே சொல்லிவிடும். ஒரு முறை வெளியூர் வியாபாரி ஒருவர், "அம்பது வருஷமா யாரும் தொடாத பெயின்ட்டும்மா" என்று ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். மேஸ்திரி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். காற்றடிக்கும் பம்பைப் பிடித்திருந்த கிளிப்பை மட்டும் கழற்றிப் பார்த்தார். கிளிப்புக்கு அடியில் வெயில் படாது, ஆனால் அங்கேயும் வெளியேயும் ஒரே நிறம்.

"நல்லா அடிச்சிருக்காங்க. போன மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார்.

வியாபாரி டீயை முழுசாகக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்த வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு உட்காரும் இரும்புக் கூட்டின் அடியில், சின்ன உளியால் புள்ளி புள்ளியாக 'பி' என்று மேஸ்திரி கொத்துவார். எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டுவார்களே, அதே மாதிரி. ஓட்டுகிறவர் கண்ணிலும் படாது, நின்று பார்க்கிறவர் கண்ணிலும் படாது. பிரித்துப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

கலிவரதனுக்கு அந்த இடத்தில் ஒரு 'க' வேண்டும். வந்த நாளிலிருந்து அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். வெளியே சொல்ல வெட்கம், சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. இரும்பைத் தேய்ப்பதிலும் பொருத்துவதிலும் அவர் கையும் லேசுப்பட்டதல்ல. ஆனால் அவர் முடித்த ஒவ்வொரு வண்டியையும் மேஸ்திரி கடைசியில் எங்காவது தொட்டுத் திருத்திவிடுவார். திருத்திய பிறகு அது அவருடைய வேலை ஆகிவிடும்.

அதனால் இந்த முறை கலிவரதன் தானே ஒரு வண்டியை வாங்கினார். பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்த பந்தய சைக்கிள். விற்றவர் அமலோர் ஐயா, எண்பதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் ஊரே பேசிய பந்தயக்காரர். லாஸ்பேட்டையில் மகள் வீட்டுக்குக் குடிபோகிறார்.

"மூணாவது மாடி தம்பி. லிஃப்ட்ல நான் நுழைவேன், இவன் நுழைய மாட்டான்" என்று வண்டியைத் தட்டிக் கொடுத்தார். "இவனுக்கு ஒரு கதை கீது, கேளு."

"அப்புறம் கேட்டுக்கறேன் ஐயா" என்றார் கலிவரதன். டார்ச் அடித்து ஃபிரேம் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. விற்கிறவரின் கதையைக் கேட்கக் கூடாது. கதை கேட்டால் விலை ஏறும்.

"சரி, வேலை முடிஞ்சதும் எனக்கு ஒரு சுத்து குடுக்கணும். அதுக்கு ஒத்துக்கினா எடுத்துகினு போ."

அதற்கென்ன, ஒப்புக்கொண்டார்.

பட்டறைக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் நேராக மேஸ்திரியிடம் போனார்.

"மேஸ்திரி, இதை நானே பண்றேன். நீங்க தொடவே வேணாம். முடிச்சதும் என் எழுத்தை அடிச்சுக்கட்டுமா?"

மேஸ்திரி சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த வண்டி யாருதுன்னு சொல்லுங்கண்ணே. சொல்லிட்டு அடிங்க."

"இதென்ன கேள்வி? என்னுதுதான். நான் வாங்கியிருக்கேன்."

"அப்படியா? சரி, வேலையப் பாருங்க."

கலிவரதன் வேலையைப் பார்த்தார். வெறி பிடித்தவர் மாதிரி பார்த்தார். வண்டியைப் பிரித்தபோது அவருக்குக் கோபமே வந்தது. சீட்டின் மூக்கு இடது பக்கம் திரும்பியிருந்தது. இடது பெடலைத் தாங்குகிற கிராங்க் தண்டு வலதுபக்கத்துத் தண்டைவிட இரண்டு விரல்கடை குட்டை. அறுத்து, பித்தளை வைத்து ஒட்டியிருந்தார்கள். 'எவனோ கண்டவன் கை வெச்சிருக்கான்' என்று முணுமுணுத்துக்கொண்டே அதைக் கழற்றிப் பழைய இரும்பு டப்பாவில் எறிந்தார். அதே கம்பெனியின் அசல் இடது கிராங்க் ஒன்றை பிரான்ஸில் ஒருவரிடம் தேடிப் பிடித்துத் தபாலில் வரவழைத்தார். சீட்டை நேராக்கினார். அச்சுக் கூட்டின் அடியில் துரு தின்ற குழிகள் இருந்தன. ஈயத்தை உருக்கி ஊற்றி, அரம் போட்டுக் கண்ணாடியாக்கினார். மேலே மயில்கழுத்து நிறம்.

முடிந்த வண்டி உண்மையிலேயே கண்ணைப் பறித்தது. சென்னையில் ஒரு பல் டாக்டர் போட்டோவைப் பார்த்ததுமே வீட்டு ஹால் சுவரில் மாட்டுவதற்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மேஸ்திரி வண்டியைச் சுற்றி வந்தார். ஓரிடத்திலும் கை வைக்கவில்லை.

"அழகா பண்ணியிருக்கீங்க" என்றார். பொய்யாகச் சொல்லவில்லை.

கலிவரதன் நெருங்கி வந்தார். "அப்ப எழுத்து?"

"யாருது இந்த வண்டி?"

இந்த முறை அவர் தயாராக இருந்தார். "பண்ணவனோடது மேஸ்திரி. பிரான்ஸ் கம்பெனியோடது. கேட்லாக்ல இருக்கிற மாதிரி ஒரு நட்டு மாறாம வெச்சிருக்கேன்."

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். "அமலோர் ஐயாவுக்கு ஒரு சுத்து கடன் இருக்குல்ல? அவர் வந்துட்டுப் போகட்டும்."

மறுநாள் காலை அமலோர் வந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பட்டறை வாசலில் இருந்த இரண்டு படிகளை ஒவ்வொன்றாக, வலது காலை முதலில் வைத்து ஏறினார். வண்டியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து, வண்டியின் அடிவயிற்றில் விரலை வைத்துத் தடவினார். பெயின்ட் வேலையின் வழவழப்பைப் பார்க்கிறார் என்று கலிவரதன் பூரித்துப்போனார்.

அமலோர் ஏறினார். கடல் வரை நேராகப் போகிற தெரு அது. பத்து வீடு தாண்டியதும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். பதமாகச் சுவரில் சாய்த்தார்.

"ரொம்ப அழகாகீது தம்பி" என்றார் மரியாதையாக. "இது யாருது?"

கலிவரதன் அவரை நிமிர்ந்து பார்த்தார். கிழவர் கிண்டல் செய்யவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தன் வண்டி வேறெங்கோ உள்ளே இருப்பதாகத்தான் அவர் நினைத்திருந்தார். கலிவரதன் முகத்தைப் பார்த்து விஷயம் புரிந்ததும், "ஓ, இவன்தானா?" என்று மெல்லச் சொல்லிவிட்டு, டீகூட வேண்டாமென்று போய்விட்டார்.

கலிவரதன் பகல் பூராவும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. சாயங்காலம் வாய் திறந்தார்.

"நான் என்ன தப்பு பண்ணேன் மேஸ்திரி?"

"காலை நீட்டுங்க."

"எந்தக் காலை?"

"இடது."

மேஸ்திரி கந்தல் துணியைப் பந்தாக உருட்டி, அவர் முட்டிக்குப் பின்னால் வைத்து, பழைய ட்யூபால் இறுக்கிச் சுற்றினார். கால் பாதிதான் மடங்கியது.

"ஏறி ஓட்டுங்க."

கலிவரதன் ஏறினார். இடது பெடல் மேலே வரும்போதெல்லாம் முட்டி முட்டுக்கட்டை போட்டது. இடுப்பைத் தூக்கித் தூக்கி நாலு மிதி மிதித்தார். ஐந்தாவது மிதியில், மயில்கழுத்து நிற வண்டியோடு எதிர்வீட்டுக் கோலத்தின் மேல் விழுந்தார். எதிர்வீட்டம்மா எட்டிப் பார்த்து, "வயசான காலத்துல இது தேவையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

கோலமாவைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்த கலிவரதன் கேட்டார். "அந்தக் குட்டைக் கிராங்க்?"

மேஸ்திரி ட்யூபை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. இன்னைக்கு அவர் படி ஏறும்போதுதான் பார்த்தேன்."

இரும்பு டப்பாவில் கிராங்க் இல்லை. பழைய இரும்புக்காரர் வாரம் ஒருமுறை வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார். கலிவரதன் அவர் கடைக்கு ஓடினார். மலைபோல் குவிந்திருந்த இரும்பைக் கிளறினார். கையெல்லாம் கீறல். கிடைக்கவில்லை. சோர்ந்துபோய்க் கல்லாவில் சாய்ந்தபோது, அங்கே செய்தித்தாள் கட்டு பறக்காமலிருக்க மேலே வைத்திருந்த கனம் அதுதான் என்று தெரிந்தது. திருடன் பிடிபட்டதுபோல் அதை இரண்டு கையாலும் அமுக்கினார். கடைக்காரர் பயந்துபோனார்.

குட்டைக் கிராங்க்கைத் திரும்ப மாட்டினார். சீட்டின் மூக்கை இடது பக்கம் திருப்பினார். பல் டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். "சுவத்துல மாட்டுறதுக்குக் கோணக்கால் வண்டி எதுக்கு சார்?" என்று டாக்டர் சிரித்தார். அதோடு அந்த வியாபாரம் முடிந்தது. கலிவரதனுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் போனை வைத்துவிட்டு மறுபடி சீட்டைத்தான் சரிபார்த்தார்.

"இப்ப சொல்றேன் மேஸ்திரி. இது அமலோர் ஐயாவோட வண்டி."

"அவர் சொல்லட்டும்" என்றார் மேஸ்திரி.

அமலோர் இரண்டாவது முறை வந்தார். குனிந்தார். அடியில் விரலை வைத்துத் தடவினார். பிறகு ஏறினார்.

அதற்கப்புறம் நடந்ததைக் கலிவரதன் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். எண்பது வயசு போன இடம் தெரியவில்லை. இடது கால் சின்ன வட்டமும் வலது கால் பெரிய வட்டமுமாகச் சுற்ற, வண்டி ஒரே நேர்கோட்டில் கடலைப் பார்த்துப் போனது. மீன் கூடையோடு வந்த பெண்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். திரும்பி வரும்போது கிழவரின் வேட்டி பாய்மாதிரி உப்பியிருந்தது. மேஸ்திரிகூட ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"இவன்தான். இவனேதான்" என்று இறங்கினார் அமலோர். முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாம் சரி தம்பி. சிங்காரவேலு எங்க?"

"யாருங்க ஐயா?"

"கீழ இருப்பானே. அடியில."

கலிவரதனுக்குப் புரியவில்லை. அமலோர் ஸ்டூலில் உட்கார்ந்து, அன்றைக்கு யாரும் கேட்காத கதையை இன்றைக்குச் சொன்னார்.

"மரக்காணம் போய்த் திரும்புற பந்தயம் அப்போ. நாங்களே வெச்சிகினது. வருஷா வருஷம் நான் மொதல்ல, வைத்திக்குப்பம் சிங்காரவேலு ரெண்டாவது. ஒரு வருஷம் வுழுந்து என் முட்டி போச்சு. மடங்கல. சரி, இந்த வருஷம் அவன்தான்னு ஊரே பேசுது. பந்தயத்துக்கு முந்தின வாரம் ரம்பத்தை எடுத்துகினு என் வூட்டுக்கு வரான். 'உன் காலு மடங்கலன்னா வண்டிய மடக்கிடலாம் வா'ன்றான். அவனே அறுத்தான், அவனே பித்தளை வெச்சி ஒட்டினான், சீட்டைத் திருப்பினான்."

"உங்களோட போட்டி போட்டவரா?" என்று கேட்டார் கலிவரதன்.

"நானும் அதான் கேட்டேன். 'டேய், உனக்கு இன்னா பைத்தியமா?' அதுக்குச் சொல்றான், 'நீ இல்லாத பந்தயத்துல ஜெயிச்சிட்டு நான் யார்கிட்டடா சொல்லிக்கிறது?'"

"யார் ஜெயிச்சது ஐயா?"

"நான்தான். ஒரு டயர் நீளம். என்னைத் தோள்ல தூக்கிகினு சுத்தினவன் அவன்தான்." அமலோர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "வேலைய முடிச்சதும் கீழ ஒரு 'சி' போட்டான். புள்ளி புள்ளியா. அவன் போயி ரொம்ப வருஷம் ஆவுது. இவன் மேல ஏறும்போதெல்லாம் கோயில்ல மாதா சுரூபத்தைத் தொடுற மாதிரி அதைத் தொட்டுட்டுத்தான் ஏறுவேன். இப்போ வழவழன்னு கீது."

கலிவரதன் வண்டியின் அடியைப் பார்த்தார். துரு தின்ற குழிகள். ஈயம். அரம். அந்த இடத்தில் ஓர் எழுத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்த ஆள், அந்த இடத்தில் இருந்த எழுத்தை எழுத்தென்றே பார்க்கவில்லை. துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது.

"நான்தான் ஐயா அடைச்சேன். துருன்னு நெனச்சேன்."

"நானும் பார்க்கலை" என்றார் மேஸ்திரி.

அமலோர் கோபப்படவில்லை. "நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் தம்பி. நான் வாயத் தொறந்தேன், நீ நம்பரைப் பார்த்துகினு இருந்த."

மேஸ்திரி உள்ளே போய் ஊதுவிளக்கைக் கொண்டுவந்து பற்றவைத்தார். கலிவரதன் கையில் கொடுத்தார்.

"ஈயம் உருகும். இரும்பு இருக்கும்."

வண்டியைக் கவிழ்த்தார்கள். கலிவரதன் தன் மயில்கழுத்து நிறத்தின் மேல் தானே நெருப்பை வைத்தார். பெயின்ட் குமிழ்விட்டது, கருகியது, நாறியது. அவர் தளரவில்லை. ஈயம் வெள்ளியாகக் கலங்கி, ஒரு சொட்டு தரையில் விழுந்தது. பிறகு இன்னொரு சொட்டு. மேஸ்திரி கம்பி பிரஷை நீட்டினார். தேய்க்கத் தேய்க்க ஒரு புள்ளி தெரிந்தது, பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் ஒரு வளைவு. கொத்தத் தெரியாதவன் கொத்திய எழுத்து. 'சி'யின் சுழி தேவைக்கு மேல் பெரிதாகி, கூட்டின் நடுவில் கோணலாக நின்றது.

இரும்பு ஆறுகிறவரை அமலோர் காத்திருந்தார். விரலை வைத்தார். ரொம்ப நேரம் அந்த விரலை எடுக்கவேயில்லை.

"இவனை யாரு வாங்கினாலும் அந்தாளை இவன் கதையையும் கேக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வண்டி கவிழ்ந்தபடியே இருந்தது. கருகிய பெயின்ட்டும், நடுவே அந்தக் கோணல் 'சி'யுமாக. கலிவரதன் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி அலமாரியிலிருந்து சின்ன உளியையும் சுத்தியையும் எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்கண்ணே. இந்த வண்டி யாருது?"

கலிவரதன் வாயைத் திறந்தார். என்னுது என்று ஒரு நாள் சொன்னார். கம்பெனிக்காரனோடது என்றார், அமலோருது என்றார். சிங்காரவேலு என்று நாக்கு நுனிவரை வந்தது. அதையும் விழுங்கிக்கொண்டார். கடைசியில் தெரியவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

மேஸ்திரி உளியை அவர் கையில் வைத்தார்.

"அடிங்க."

"வேணாம் மேஸ்திரி. நான் கெடுத்ததை நானே சரி பண்ணேன். அவ்வளவுதான். இதுல எனக்கென்ன எழுத்து?"

"அடிங்கண்ணே."

கலிவரதன் குனிந்தார். உளியின் முனையை இரும்பின் மேல் அங்கும் இங்குமாக நகர்த்திப் பார்த்தார்.

"எங்க அடிக்கிறது?"

"ஓரமா அடிங்க" என்றார் மேஸ்திரி. "பின்னாடி வர்றவங்களுக்கும் இடம் வேணும்."